பூமலையும் பால்மரமும்

தமிழில் பூங்காவைக் குறிக்கும் சொற்கள் பல. கா, சோலை, பொழில், தண்டலை, உய்யானம், உவவனம் என நம் இலக்கியங்கள் அவற்றை இடமும் பயனும் அறிந்து ஆளுகின்றன. மணிமேகலைக் காப்பியத்தில், மலர் கொய்யப் புறப்படும் மணிமேகலை செல்லத்தக்க சோலை எது என்பதைச் சுதமதி கூறுகின்றாள். அப்போது புகார் நகரத்துச் சோலைகள் ஒவ்வொன்றும் யார்க்கு உரியது என்பதையும் அவள் எடுத்துரைக்கின்றாள். இலவந்திகை அரசனைச் சார்ந்தோர் உலவும் சோலை. உய்யானம் தேவர்க்கு உரிய சோலை. ஆதலால் உவவனம் செல்வதே தக்கது என்பது அவள் முடிபு. ஒரு நகரத்தின் சோலை யாருக்கு உரியது என்னும் வினா அத்துணைப் பழைமை வாய்ந்தது. அவ்வினாவை நம் காலத்துப் பூங்கா ஒன்றின்மேல் எழுப்பிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சிம்பாங் ரெங்கம், ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் மாவட்டத்தில் அமைந்த சிறு நகரம். ‘சிம்பாங்’ என்னும் மலாய்ச் சொல்லுக்குச் சந்தி என்பது பொருள். வடக்கே ஆயர் ஈத்தாமையும் தெற்கே கூலாயையும் இணைக்கும் பழைய பெருஞ்சாலையிலிருந்து ரெங்கம் நகருக்குச் செல்லும் சாலை பிரியும் இடமாதலின் இப்பெயர் பெற்றது. இவ்வூரைச் சுற்றிலும் ஒரு காலத்தில் இரப்பர்த் தோட்டங்களே நிறைந்திருந்தன. இன்று செம்பனையும் அன்னாசியும் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டன. எங்கள் ஊர்க் குடும்பங்கள் பள்ளி விடுமுறையில் பேருந்து பேசிக்கொண்டு தெற்கே சிங்கப்பூர் செல்வது வழக்கம். 1924-ஆம் ஆண்டில் முறைப்படி திறந்து வைக்கப்பெற்ற ஜொகூர்க் கடற்பாலத்தைக் கடந்து அவர்கள் காணச் செல்லும் இடங்களுள் ஒன்று, சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்கா. அங்குள்ள தமிழர் அதற்கு இட்டு வழங்கும் பெயர் ‘பூமலை’. எத்துணை அழகிய பெயர்!

பூமலையின் காலைப்பொழுது தனிச் சிறப்புடையது. விடியற்காலை 5 மணிக்கே வாயில்கள் திறந்துவிடுகின்றன. பொழுது புலருமுன் முதியோர் உடற்பயிற்சிக்கு வந்துவிடுகின்றனர். தொலைநோக்கியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு பறவை காண்போர் அண்ணாந்து நோக்கியவாறு நடக்கின்றனர். தாய்மார் புல்வெளியில் பாய் விரித்து உணவுப் பொட்டலங்களைப் பிரிக்கின்றனர். குழந்தைகள் அன்னக்குளத்தின் கரையில் ஆமையையும் மீனையும் கண்டு கூவுகின்றனர். சிங்கப்பூரின் ஐந்து வெள்ளித் தாளின் பின்புறத்தில் உருவம் பொறிக்கப்பெற்ற தெம்புசு மரம், தாழ்ந்த கிளையொன்றைப் பக்கவாட்டில் நீட்டியபடி நிற்கின்றது. அப்பூங்கா தோன்றுவதற்கு முன்பே அம்மரம் அங்கு நின்றது என்பர். நகரத்தின் நடுவே ஏறத்தாழ 6 ஹெக்டர் பரப்பில் பழைய மழைக்காட்டின் ஒரு துண்டும் அழியாமல் காக்கப்பட்டு வருகின்றது. ‘கா’ என்னும் சொல்லுக்குச் சோலை என்றும் காத்தல் என்றும் பொருளுண்டு. இரண்டு பொருளும் ஒருங்கே பொருந்தும் இடம் இது.

ஆயினும், இங்குக் காக்கப்பட்டவை எவை, காக்கப்படாமல் மறைந்தவை எவை என்று எண்ணிப் பார்க்கும்போதுதான் வரலாறு நம் கண்முன் விரிகின்றது.

பூங்காவின் தோற்றம்

சிங்கப்பூரில் முதல் தாவரத் தோட்டத்தை அமைத்தவர் இராஃபிள்ஸ். கல்கத்தாத் தாவரவியல் தோட்டத்தின் தலைவராக விளங்கிய நத்தானியேல் வாலிச்சின் துணையோடு 1822-இல் அரசாங்கக் குன்றின் சரிவில் அது தொடங்கப்பெற்றது. கிராம்பும் சாதிக்காயும் பயிரிட்டுப் பார்ப்பதே அதன் குறிக்கோள். போதிய பணவுதவி இன்மையால் 1829-இல் அது மூடப்பட்டது. இன்றைய பூமலை அதற்கு 30 ஆண்டுகள் பின்னர், 1859-இல், வேளாண் தோட்டக்கலைச் சங்கம் ஒன்றினால் தங்ளின் பகுதியில் நிறுவப்பெற்றது. நிலத்தை அளித்தவர் வாம்போவா என அழைக்கப்பெற்ற ஹூ ஆ கே என்னும் சீனப் பெருவணிகர். வளைந்து செல்லும் பாதைகளையும் குளத்தையும் வகுத்தவர் லாரன்சு நிவன். சந்தா செலுத்திய உறுப்பினர்கள் மாலை வேளையில் உலவவும், இசைக்குழுவின் இன்னிசை கேட்கவும் அமைந்த உல்லாசத் தோட்டமாகவே அது முதலில் விளங்கிற்று. சுதமதியின் சொல்லால் கூறுவதாயின், அந்நாளில் அது ஓர் இலவந்திகை.

சங்கம் கடனில் மூழ்கியது. 1874-இல் அரசாங்கம் பூங்காவை ஏற்றுக்கொண்டது. மறு ஆண்டே இலண்டன் கியூ தோட்டத்தில் பயின்ற ஜேம்சு மர்ட்டன் பொறுப்பேற்றார். அன்றுமுதல் பூங்காவின் போக்கே மாறியது. கியூ, கல்கத்தா, இலங்கையின் பேராதனை, சிங்கப்பூர் ஆகிய தோட்டங்கள் ஒரே சங்கிலியின் கண்ணிகளாயின. எந்தக் கண்டத்துச் செடி எந்த மண்ணில் வளர்ந்தால் பேரரசின் வணிகம் செழிக்கும் என்பதை ஆராய்வதே அவற்றின் பணியாயிற்று. 1879-இல் பூமலையின் வடபுறத்தில் ஏறத்தாழ 41 ஹெக்டர் நிலம் சேர்க்கப்பட்டுப் பொருளாதாரத் தோட்டம் என்று பெயர் பெற்றது. மலரைப் போற்றும் தோட்டத்தின் பின்புறத்தில் வணிகப் பயிரை வளர்க்கும் தோட்டம் ஒன்று உருவாயிற்று.

இருபத்திரண்டு கன்றுகள்

1876-இல் ஹென்றி விக்கம் என்னும் ஆங்கிலேயர், பிரேசில் நாட்டின் தப்பாசோசு ஆற்றுப் பகுதியில் ஏறத்தாழ 70,000 இரப்பர் விதைகளைத் திரட்டிக் கப்பலில் இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். இரப்பர் விதை எண்ணெய்ப் பசையுடையது. விரைவில் முளைக்கும் ஆற்றலை இழந்துவிடும். ஆதலால் கியூ தோட்டத்தில் முளைத்தவை ஏறத்தாழ 2,700 மட்டுமே. அவற்றுள் பெரும்பகுதி இலங்கைக்கு அனுப்பப்பட்டது. 1877-இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தவை 22 கன்றுகள். அவற்றுள் 9 கன்றுகளைப் பேராக் மாநிலத்துக் கோலகங்சாருக்கு அனுப்பினர். 11 கன்றுகள் பூமலையில் நடப்பட்டன. கோலகங்சாரில் நடப்பட்டவற்றுள் ஒரு மரம் இன்றும் வேலியிட்டுக் காக்கப்படுகின்றது. ஒரு நாட்டின் பொருளாதாரத்தையும், ஓர் இனத்தின் இடப்பெயர்ச்சியையும் அந்த இருபத்திரண்டு கன்றுகள் தம்முள் அடக்கிக்கொண்டு வந்தன என்றால் அது மிகையாகாது.

வந்த கன்றுகள் மரங்களாயின. ஆனால் அவற்றை நாடுவார் இல்லை. 1888-இல் பூங்காவின் முதல் அறிவியல் இயக்குநராக வந்த ஹென்றி ரிட்லியே அம்மரங்களின் அருமையை உணர்ந்தார். பிரேசில் காட்டில் மரத்தைக் கோடரியால் கொத்திப் பால் எடுப்பர்; அவ்வாறு கொத்துண்ட மரம் விரைவில் நலிந்துவிடும். பட்டையை மட்டும் மெல்லச் சீவி, உள்ளிருக்கும் வளர்படலத்தைத் தீண்டாமல் விட்டால், பட்டை மீண்டும் வளரும். அதே மரத்தில் பல்லாண்டுக்காலம் பால் எடுக்கலாம் என்பதை ரிட்லி செய்து காட்டினார். நடுவே நேர்க்கோடு ஒன்றும், அதன் இருபுறமும் சாய்வான கோடுகளும் அமைந்த அவ்வெட்டு, மீனின் முள்ளெலும்பைப் போன்று தோற்றமளித்தது. விடியற்காலையில் வெட்டினால் பால் மிகுதியாகச் சுரக்கும் என்பதும் அறியப்பட்டது. வெயில் ஏறுமுன் மரத்தினுள் நீரழுத்தம் மிகுந்திருப்பதே அதற்குக் காரணம்.

கண்ட துரைமார்களிடமெல்லாம் இரப்பர் விதையைத் தந்து நடச்சொல்லி வற்புறுத்தியதால் ரிட்லியைப் ‘பித்தர்’ என்று எள்ளினர். அக்காலத்தில் மலாயாத் துரைமார் காப்பியையே நம்பியிருந்தனர். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் பிரேசிலின் மிகை விளைச்சலால் காப்பியின் விலை சரிந்தது. பூச்சிகளும் தோட்டங்களைத் தின்றழித்தன. அதே வேளையில் காற்றடைத்த சக்கர உறை வழக்கிற்கு வந்து, மோட்டார் வண்டிகளும் பெருகத் தொடங்கின. 1896-இல் மலாக்காவைச் சேர்ந்த தான் சே யான், ரிட்லியின் சொல்லைக் கேட்டுப் புக்கிட் லிந்தாங்கில் இரப்பரைப் பயிரிட்டார். அவரைப் பின்பற்றிப் பலரும் முனைந்தனர். 1920-ஆம் ஆண்டளவில் உலக இரப்பரில் ஏறத்தாழச் சரிபாதி மலாயாவில் விளைந்தது. எள்ளப்பட்ட ரிட்லி நூறாண்டு வாழ்ந்து, 1956-இல்தான் மறைந்தார்.

கத்தி பிடித்த கைகள்

மரம் தானாகப் பால் தருவதில்லை. ஒவ்வொரு மரத்தையும் ஒவ்வொரு வெட்டு நாளிலும் மனிதக் கை ஒன்று தீண்டியாக வேண்டும். ரிட்லி கண்ட முறையின் சிறப்பும் அதுவே, சுமையும் அதுவே. கொத்தி எடுக்கும் முறைக்கு வலிமை போதும். சீவி எடுக்கும் முறைக்கோ நுணுக்கம் வேண்டும், பொறுமை வேண்டும், ஆயிரமாயிரம் கைகள் வேண்டும். அந்தக் கைகளைத் தேடித்தான் கங்காணிகள் தஞ்சை, திருச்சி, சேலம், வடார்க்காடு மாவட்டச் சிற்றூர்களுக்குச் சென்றனர். 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி ஒன்று ஏற்படுத்தப்பட்டு, தோட்ட உரிமையாளர் செலுத்திய பணத்தில் கப்பற்பயணச் செலவு ஈடுசெய்யப்பட்டது. 1910-இல் ஒப்பந்தக் கூலி முறை ஒழிந்தது. கங்காணி முறை ஓங்கியது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்கள் பினாங்கிலும் கிள்ளான் துறையிலும் இறங்கினர். கெம்மாசு முதல் ஜொகூர் பாரு வரையிலான இருப்புப்பாதை 1909-இல் நிறைவுற்றபின், ரெங்கம் போன்ற நிலையங்களின் வழியே தென்பகுதித் தோட்டங்களுக்கும் ஆட்கள் எளிதில் வந்து சேர்ந்தனர்.

அவர்கள் வந்த காட்டில் நிழல் இல்லை. நிழல் தந்த காடு வெட்டுண்டு கிடந்தது. வெயில் படாத ஓடைகளில் வெயில் விழுந்தது. வெயில் விழும் குன்றோரத்து ஓடையில் முட்டையிடும் கொசுவினமே மலைக்காய்ச்சலைப் பரப்பியது என்பதை, 1901 முதல் கிள்ளான் வட்டாரத்தில் பணியாற்றிய மருத்துவர் மால்கம் வாட்சன் பின்னர் ஆராய்ந்து கூறினார். அதற்குள் எத்தனையோ பேர் மண்ணுக்கு உரமாகிவிட்டனர். பூமலையில் வெட்டப்படாமல் நிற்கும் 6 ஹெக்டர்க் காட்டைக் காணும் இயற்கை அன்பர்கள், அங்கு வளர்ந்த கன்றுகளுக்காக எத்துணைக் காடு அழிந்தது என்பதையும் ஒருகணம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

தோட்டத்து நாள் இருளில் தொடங்கிற்று. பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, நெற்றி விளக்கின் ஒளியில் நிரைக்குச் சென்று, ஒருவர் 300 முதல் 500 மரங்கள் வரை வெட்டினர். மங்கைத் துடைத்துப் பொருத்துவதும், கோட்டிலே படிந்த ஒட்டுப்பாலை உரித்துக் கூடையிலிடுவதும், வெயில் ஏறியபின் மங்குப் பாலை வாளியில் சேர்த்துக் காண்டாவில் தூக்கிச் செல்வதும் அவர்தம் அன்றாடப் பணிகள். கைக்குழந்தைகள் ஆயாக்கொட்டகையில் கிடந்தன. சற்றே வளர்ந்த பிள்ளைகள் வெடித்துச் சிதறிய இரப்பர்க் கொட்டைகளைப் பொறுக்கி, தரையில் தேய்த்துச் சூடேற்றி, ஒருவர்மேல் ஒருவர் வைத்து மகிழ்ந்தனர். இலையுதிர் பருவத்தில் தோட்டம் முழுவதும் செந்நிறம் பூத்து நிற்கும். நகரத்தார் பூங்காவுக்குச் சென்று கண்ட அழகை அவர்கள் வேலைக் களத்திலேயே கண்டனர். கண்டு நிற்கத்தான் நேரமில்லை.

ஒரு மூதாட்டியின் சொல்

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊர்க் குடும்பங்களோடு பூமலைக்குச் சென்றிருந்தேன். நாற்பதாண்டுக் காலம் பால்வெட்டிய மூதாட்டி ஒருவரும் பேரப்பிள்ளைகளுடன் வந்திருந்தார். மரநிழலில் அமர்ந்திருந்தபோது என் கையிலிருந்த நூலில் ஒரு படத்தை அவருக்குக் காட்டினேன். பால்வெட்டிய மரத்தருகே ரிட்லி நிற்கும் பழைய புகைப்படம் அது. மூதாட்டியார் துரையைப் பார்க்கவில்லை; மரத்தைத்தான் பார்த்தார்.

“என்னா தம்பி, இம்புட்டுக் கோடா? மரம் தாங்குமா? நாங்க ஒரே கோடுதான் வெட்டுவோம். பாதி மரத்துக்குச் சாய்ச்சு எறக்குவோம். மறுநாள் அந்த மரத்தத் தொடமாட்டோம்” என்றார்.

ரிட்லியின் மீன்முள் வெட்டு பின்னாளில் கைவிடப்பட்டு, அரைச்சுற்று வெட்டே தோட்டங்களில் நிலைபெற்றது. நூல் கற்றோர் பல பக்கங்களில் விளக்கும் அம்மாற்றத்தை, எழுத்தறியாத அம்மூதாட்டியார் ஒரே நோக்கில் கண்டுகொண்டார். இப்பூங்காவில்தான் அக்கலை முதன்முதலில் ஆராயப்பட்டது என்று நான் கூறியதும் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, “இத எங்கிட்ட யாரும் சொல்லலையே, தம்பி. தெரிஞ்சிருந்தா வெட்டுற காலத்துலயே ஒருதரம் வந்து பாத்திருப்பேனே” என்றார்.

அச்சொல் என்னை வருத்திற்று. நான் ஆசிரியன். அவருடைய பிள்ளைகள் பயின்ற தோட்டப் பள்ளிகளில் என்னைப் போன்றோரே பாடம் நடத்தினோம். இரப்பரைப் பிரேசிலிலிருந்து கொண்டு வந்தவர் பெயரையும் ஆண்டையும் மனப்பாடம் செய்வித்தோம். வகுப்பறைச் சன்னலுக்கு வெளியே நின்ற மரத்துக்கும், வீட்டிலே கத்தி தீட்டிக்கொண்டிருந்த தாய்க்கும் அப்பாடத்துக்கும் உள்ள உறவைச் சொல்லத் தவறினோம்.

சோதனைத் தோட்டத்திலிருந்து தமிழ்த்துறை வரை

பூமலையின் வரலாற்றில் தமிழாசிரியர்கள் அறிந்து மகிழத்தக்க செய்தியொன்றும் உண்டு. வடபுறத்துப் பொருளாதாரத் தோட்டத்தின் நிலம் 1920-களில் இராஃபிள்ஸ் கல்லூரி கட்டுவதற்காக அளிக்கப்பட்டது. அக்கல்லூரியும் மருத்துவக் கல்லூரியும் இணைந்து 1949-இல் மலாயாப் பல்கலைக்கழகம் பிறந்தது. அப்பல்கலைக்கழகத்தின் இந்திய இயல் துறை 1956-இல் சிங்கப்பூரிலே தொடங்கப்பெற்றுப் பின்னர்க் கோலாலம்பூருக்கு இடம்பெயர்ந்தது. அங்குத் தமிழ் இடம்பெற வேண்டும் என்று தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி முன்னின்று ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் பெயரில் நிதி திரட்டினார். ஒவ்வொரு தமிழரும் ஒரு வெள்ளியேனும் தருக என்பது அவர் வேண்டுகோள். தோட்டப் பாட்டாளிகளும் தத்தம் வெள்ளியை அளித்தனர்.

இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். எந்த வளாகத்தில் பேரரசு தன் பயிர்களைச் சோதித்துப் பார்த்ததோ, அதே வளாகத்தில் எழுந்த பல்கலைக்கழகத்துக்கு, அப்பயிரால் கடல் கடந்து வந்தவர்கள் தம் மொழிக்காகக் கூலிப்பணத்தைக் கொடுத்தனர். அவர்கள் கேட்டது தமக்கொரு சிலை அன்று. தம் பிள்ளைகளுக்கொரு தமிழ்த்துறை. பால்மரம் வெட்டிய கை தமிழுக்குச் செய்த காணிக்கைகளுள் இதனினும் பெரிது வேறில்லை எனலாம்.

எஞ்சி நிற்பவை

2015-ஆம் ஆண்டு சூலை மாதம் 4-ஆம் நாள் ஐக்கிய நாட்டுக் கல்வி அறிவியல் பண்பாட்டு நிறுவனம் பூமலையை உலக மரபுடைமையாக அறிவித்தது. தென்கிழக்காசியாவில் இரப்பர்த் தொழில் தழைக்க அப்பூங்கா ஆற்றிய பங்கும் அவ்வறிவிப்புக்குக் காரணமாகக் காட்டப்பட்டது. மகிழத்தக்க செய்தியே. இலவந்திகையாகத் தொடங்கிய பூங்கா இன்று எல்லார்க்கும் கட்டணமின்றித் திறந்த உவவனமாகிவிட்டது. ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டுமே நுழைவுக் கட்டணம் உண்டு. சிங்கப்பூரின் தேசிய மலராக 1981-இல் தேர்ந்தெடுக்கப்பெற்ற வண்டா மிஸ் ஜோக்கிம் மலரும், பனை வகைகளும், இஞ்சி வகைகளும் அங்குப் பெயர்ப்பலகையோடு நிற்கின்றன. ஒவ்வொரு செடிக்கும் ஊரும் பெயரும் உண்டு.

ஆனால் தோட்டங்களோ மறைந்துவிட்டன. நாடு விடுதலை பெற்ற காலத்தில் துரைமார் தோட்டங்களைத் துண்டாடி விற்கத் தொடங்கியபோது, துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்துத் தொழிலாளர் பணத்திலேயே தோட்டங்களை வாங்க வழிசெய்தார். அதன் பின்னரும் இரப்பர் குறைந்து செம்பனை பெருகிற்று. தோட்டத்துக் குடும்பங்கள் நகரங்களை நோக்கி நகர்ந்தன. சிம்பாங் ரெங்கத்தில் இன்றைய பிள்ளைகளுக்கு மங்கு என்றாலும் காண்டா என்றாலும் விளங்குவதில்லை. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களின் பெயர்களை அடுக்கி வைத்ததனாலன்றோ அவை இன்றும் நம்மிடம் உள்ளன! பிரட்டு, நிரை, ஒட்டுப்பால் முதலிய சொற்களை அடுக்கி வைப்பார் யார்? ஒரு தலைமுறையின் உழைப்பு அச்சொற்களில்தான் தங்கியிருக்கிறது. மரத்தைக் காக்கப் பூங்கா உண்டு. சொல்லைக் காக்க ஆசிரியரும் மாணவரும்தாம் உண்டு.

ஆதலால் ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவர்களைப் பூமலைக்கு அழைத்துச் செல்லுங்கள். தெம்புசு மரத்தடியில் அமர்த்தி அவர்களுக்கு இவ்வரலாற்றைக் கூறுங்கள். பறவையையும் மலரையும் கண்டு மகிழட்டும், அதற்குத்தானே பூங்கா! வீடு திரும்பியபின், ஒவ்வொரு மாணவரும் தம் குடும்பத்திலோ அண்டையிலோ உள்ள பால்வெட்டிய முதியவர் ஒருவரிடம் சென்று, அவர் எந்தத் தோட்டத்தில், எத்தனை ஆண்டு, எத்தனை மரம் வெட்டினார் என்று கேட்டு எழுதட்டும். அவர் கூறும் தொழிற்சொற்களை அவர் சொன்னபடியே குறித்து வைக்கட்டும். எழுதியதை அவரிடமே படித்துக் காட்டட்டும்.

அன்று மாலை பேருந்து கடற்பாலத்தைக் கடந்து வடக்கே திரும்பியது. இருபுறமும் இருளில் செம்பனை வரிசைகள் ஓடிக்கொண்டிருந்தன. பின்னிருக்கையில் மூதாட்டியார் தம் பேரனுக்கு ஏதோ சொல்லிக்கொண்டு வந்தார். திரும்பிப் பார்த்தேன். மூடிய குடையொன்றை மரமாக நிறுத்தி, பட்டையைச் சீவும் கையசைவை அவனுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். கத்தி இல்லாத அக்கை, சாய்வு மாறாமல் மெல்ல இறங்கியது. சிறுவனும் தன் விரலால் அவ்வாறே செய்து பார்த்தான்.